50,014 வோட்டு: லண்டன், ஜூன் 2009

சில எண்களைப் பார்த்தா தூக்கம் வராது. எனக்கு அப்படி ஒரு எண் 50,014.

2009 ஜூன் 4, வியாழக்கிழமை. பிரிட்டன்ல ஐரோப்பிய பாராளுமன்றத் தேர்தல். லண்டன் தொகுதியில சுயேச்சையா நின்ன ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு விழுந்த வோட்டுதான் இது. லண்டனுக்கு மொத்தம் எட்டு சீட்டு. அவர் வந்தது எட்டாவது இடம். ஆனா சீட்டு கிடைக்கலை. எட்டு சீட்டு, எட்டாவது இடம், ஆனா தோல்வி. இது எப்படிங்கிறது ஒரு கதை. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்கிறது இன்னொரு கதை. ரெண்டையும் எழுதிப் பார்க்கலாம்னு உக்காந்தேன்.

"ஓசூர்ல இருந்து தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் கோடு தட்டுறவனுக்கு லண்டன் தேர்தல் எதுக்குடா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஓசூருக்கும் இதுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. கொஞ்சம் தள்ளி வரும், பொறுமை :-)

முதல்ல அந்த வருசத்தை ஞாபகப்படுத்திக்கணும். 2009-ல எனக்குப் பன்னெண்டு வயசு. கிருஷ்ணகிரியில ஸ்கூல் பையன். டீக்கடை டிவியில தலைப்புச் செய்தியா ஓடினது மட்டும்தான் மனசுல இருக்கு. பின்னாடி படிச்சு அடுக்கினதுதான் மிச்சமெல்லாம்.

ஜனவரி 29-ல் சென்னை சாஸ்திரி பவன் வாசல்ல முத்துக்குமார் தீக்குளிச்சார். ஏப்ரல் 6 முதல் லண்டன்ல பாராளுமன்றச் சதுக்கத்துல தமிழர்கள் உக்காந்துட்டாங்க. ஜூன் வரைக்கும் எழுந்திருக்கலை. ஏப்ரல் 27-ல் கலைஞர் மெரினாவுல உண்ணாவிரதம் இருந்தார். ஜெயலலிதா பிரச்சாரத்துல தனி ஈழமே வாங்கித் தர்றேன்னாங்க. மே 13-ல் தமிழ்நாடு வோட்டுப் போட்டுச்சு. மே 16-ல் எண்ணினாங்க. தி.மு.க. அணிக்கு 27, அ.தி.மு.க. அணிக்கு 12. எங்க கிருஷ்ணகிரியில தி.மு.க.வின் சுகவனம் ஜெயிச்சார். ரெண்டு நாள் கழிச்சு, மே 18-ல், முள்ளிவாய்க்கால்ல எல்லாம் முடிஞ்சிருச்சு. அந்தக் கடைசி மாதங்கள்ல 40,000 பொதுமக்கள் வரைக்கும் இறந்திருக்கலாம்னு 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது.

இன்னொரு வோட்டையும் இங்க சேர்க்கணும். மே 27, ஜெனிவா, ஐ.நா. மனித உரிமை கவுன்சில். போர் முடிஞ்சு பத்து நாள் கூட ஆகலை. இலங்கை அரசைப் பாராட்டுற மாதிரியான ஒரு தீர்மானம் வந்துச்சு. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. நிறைவேறிருச்சு. எதிர்த்து வோட்டுப் போட்டதுல பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி உண்டு. இந்தியா எந்தப் பக்கம்னு கேக்கறீங்களா? அந்த 29-ல ஒண்ணு. நம்ம நாற்பது எம்.பி.க்கள்ல யாரும் அதுக்காகப் பதவியை விட்ட மாதிரி தெரியலை.

இதுக்கு எட்டு நாள் கழிச்சுதான் லண்டன் வோட்டுப் போட்டுச்சு.

வேட்பாளர் பேர் ஜான் ஜனநாயகம். தமிழ்ப் பத்திரிகைகள்ல ஜனனி ஜனநாயகம்னு எழுதினாங்க. (தேர்தல்ல நிக்கறதுக்கு இதை விட நல்ல பேர் யாருக்கும் அமையாது!) இனப்படுகொலைக்கு எதிரான தமிழர் அமைப்பு ஒண்ணுல வேலை செஞ்சவர். கடைசி நேரத்துல களத்துல குதிச்சவர். இனப்படுகொலை எதிர்ப்பு, குடியுரிமைகள், நிதித்துறையில வெளிப்படைத்தன்மை, சுற்றுச்சூழல், பெண்ணுரிமை இதெல்லாம் அவரோட அறிக்கையில இருந்துச்சு. பாப் பாடகி எம்.ஐ.ஏ., அதாவது மாயா அருள்பிரகாசம், ஆதரவு குடுத்தார். அந்த வருசம் ஆஸ்கர், கிராமி ரெண்டுக்கும் பரிந்துரைக்கப்பட்டிருந்தவர். அவர் குரல் எட்டின தூரம் பெருசு.

கவனிங்க, அவர் வேட்புமனு போட்டப்ப போர் நடந்துகிட்டு இருந்துச்சு. "நிறுத்துங்க"ன்னு கேக்கற வேட்பாளர். வோட்டுப் போடற நாள் வந்தப்ப நிறுத்தறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லை. ஜூன் 4-ல் வாக்குச்சாவடிக்குப் போன தமிழர்கள் எந்த மனநிலையில போயிருப்பாங்கன்னு நினைச்சுப் பார்க்கறேன். அப்படியும் போனாங்க. அன்னைக்கு பிரிட்டன்ல மொத்த வாக்காளர்கள்ல 34.7 சதவீதம் பேர்தான் வோட்டுப் போட்டாங்க. வெள்ளைக்காரங்களுக்கே ஐரோப்பிய பாராளுமன்றம்னா கொட்டாவி. அந்த நேரத்துல எம்.பி.க்களோட செலவுக்கணக்கு ஊழல் வேற வெளிய வந்து, ஆளுங்கட்சி மேல எல்லாரும் கடுப்புல இருந்தாங்க.

எண்ணிக்கை ஞாயித்துக்கிழமை ராத்திரி. மத்த நாடுகள்லயும் வோட்டுப்பதிவு முடியற வரைக்கும் முடிவை வெளிய விடக்கூடாதுன்னு விதி. லண்டன் முடிவு இது:

கன்சர்வேட்டிவ் 4,79,037. லேபர் 3,72,590. லிபரல் டெமாக்ரட் 2,40,156. பசுமைக் கட்சி 1,90,589. யூகிப் 1,88,440. பி.என்.பி. 86,420. கிறிஸ்தவக் கட்சி 51,336. ஜான் ஜனநாயகம் 50,014. அதுக்கும் கீழ ஒரு பெரிய வரிசை. நாடு முழுக்க ஆள் வெச்சிருந்த இங்கிலீஷ் டெமாக்ரட்ஸ் கட்சிக்கே 24,477தான். மத்த சுயேச்சைகள் ஆளுக்குச் சில ஆயிரம்.

போட்ட மொத்த வோட்டு சுமார் பதினேழரை லட்சம். அதுல 50,014-ங்கிறது 2.86 சதவீதம். நம்ம ஊர்ல ஆறுல ஒரு பங்கு வாங்கலைன்னா டெபாசிட் காலி. அங்க இந்தத் தேர்தலுக்கு 5,000 பவுண்ட் கட்டணும், 2.5 சதவீதம் வாங்கினா திரும்பக் கிடைக்கும். ஆக, டெபாசிட் தப்பிச்சது. ஒரு சுயேச்சைக்கு இது லேசுப்பட்ட விஷயமில்லை.

இப்ப எட்டாவது இடத்துக்கு ஏன் எட்டாவது சீட்டு இல்லைன்னு பார்ப்போம். நம்ம துறைக்காரங்களுக்கு இது பிடிக்கும். மத்தவங்க அடுத்த நாலு பாராவைத் தாண்டிப் போகலாம், ஆனா போகாதீங்க, சுவாரசியமே அங்கதான் இருக்கு.

அங்க தனித்தனி தொகுதி கிடையாது. லண்டன் முழுக்க ஒரே தொகுதி, கட்சிகள் பட்டியல் குடுக்கும், சுயேச்சைன்னா ஒத்த ஆள் பட்டியல். சீட்டுகளைப் பிரிக்கறது டோண்ட் முறை. விக்டர் டோண்ட்டுங்கிற பெல்ஜியக்காரர் பேர்ல இருக்கற கணக்கு. ரொம்ப எளிமை. ஒவ்வொரு சுத்துலயும் யார்கிட்ட பெரிய எண் இருக்கோ அவங்களுக்கு ஒரு சீட்டு. சீட்டு வாங்கின கட்சியோட மொத்த வோட்டை, "வாங்கின சீட்டு கூட்டல் ஒண்ணு"ஆல வகுத்துட்டு அடுத்த சுத்து. ஒரு சின்ன லூப், அவ்ளோதான்.

ஓட்டிப் பாருங்க. முதல் சீட்டு கன்சர்வேட்டிவுக்கு. அவங்க எண் இப்ப பாதியாகி 2,39,518. ரெண்டாவது லேபருக்கு, அவங்க எண் 1,86,295 ஆயிருச்சு. மூணாவதுக்கு லிபரல் டெமாக்ரட்கிட்ட 2,40,156, கன்சர்வேட்டிவ்கிட்ட 2,39,518. ஆக லிபரல் டெமாக்ரட். நாலாவது கன்சர்வேட்டிவ். அஞ்சாவது பசுமைக் கட்சி, 1,90,589. ஆறாவது யூகிப், 1,88,440. ஏழாவது லேபர், 1,86,295. எட்டாவதுக்கு மிச்சம் இருக்கறதுல பெரிய எண் எது? கன்சர்வேட்டிவ் மொத்தத்தை மூணால வகுத்த 1,59,679. முடிஞ்சது. கன்சர்வேட்டிவ் 3, லேபர் 2, மத்த மூணு கட்சிக்கும் ஒண்ணொண்ணு.

அதாவது லண்டன்ல அன்னைக்கு ஒரு சீட்டோட விலை சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் வோட்டு. ஜான் ஜனநாயகம்கிட்ட இருந்தது அதுல மூணுல ஒண்ணுக்கும் கீழ. இன்னும் 1 லட்சத்து 10 ஆயிரம் வேணும். இதே தேர்தல்ல இங்கிலாந்தின் வடமேற்குல பி.என்.பி.யோட நிக் கிரிஃபின் 1,32,094 வோட்டு வாங்கி உள்ள போயிட்டார். குடியேறினவங்களையெல்லாம் திருப்பி அனுப்பணும்னு சொன்ன கட்சிக்கு ரெண்டு சீட்டு. குடியேறினவங்க வோட்டுல நின்ன வேட்பாளருக்கு ஒண்ணுமில்லை. கணக்கு யார் பக்கமும் சாயறதில்லை, ஆனா வயிறு எரியத்தான் செய்யுது.

இங்க ஒரு வாதம் உண்டு. தேர்தல் எங்க நடந்தாலும் சின்ன வேட்பாளர்கள் மேல வைக்கற அதே வாதம்: "வோட்டை வீணாக்கிட்டாங்க. தமிழர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய கட்சிக்குப் போட்டிருந்தா பலன் கிடைச்சிருக்கும்." கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. அதனால ஒரு ஞாயித்துக்கிழமை அந்த 50,014-ஐ எடுத்து ஒவ்வொரு கட்சிக்கும் மொத்தமாத் தூக்கிப் போட்டுப் பார்த்தேன்.

லேபருக்குப் போட்டா 4,22,604. மூணாவது சீட்டுக்கு மூணால வகுக்கணும், 1,40,868. வேணுங்கிறது 1,59,679. பத்தலை. லிபரல் டெமாக்ரட்டுக்குப் போட்டா 2,90,170. ரெண்டாவது சீட்டுக்குப் பாதி, 1,45,085. பத்தலை. பசுமைக் கட்சிக்குப் போட்டா 2,40,603, பாதி 1,20,301. பத்தவே பத்தலை. யூகிப்புக்கும் அதே கதைதான். கன்சர்வேட்டிவுக்குப் போட்டா அந்த எட்டாவது சீட்டை அவங்க ஏற்கெனவே வாங்கியாச்சு, நாலாவதுக்கு எட்டாது. கிறிஸ்தவக் கட்சிக்குப் போட்டாலும் ஒரு லட்சத்துச் சொச்சம், வெளியதான்.

எங்க கொண்டுபோய்ப் போட்டிருந்தாலும் லண்டன்ல ஒத்த சீட்டு கூட மாறியிருக்காது! அந்த எட்டுப் பேரும் அதே எட்டுப் பேர்தான். (2004-ல் லண்டனுக்கு ஒன்பது சீட்டு இருந்துச்சு. 2009-லயும் ஒன்பதா இருந்திருந்தா, இந்த வோட்டு மொத்தமும் லிபரல் டெமாக்ரட்டுக்குப் போயிருந்தா, ஒன்பதாவது சீட்டு லேபர்கிட்ட இருந்து அவங்களுக்கு மாறியிருக்கும். அது ஒரு விதிவிலக்கு. ஆனா ஒன்பது இல்லையே.)

பெரிய கட்சிக்குப் போட்டிருந்தா அந்த 50 ஆயிரமும் ஒரு பெரிய எண்ணுக்குள்ள கரைஞ்சு போயிருக்கும். தமிழர்கள் வோட்டுப் போட்டாங்களா இல்லையான்னு கூட யாருக்கும் தெரிஞ்சிருக்காது. தனியா போட்டதால மட்டும்தான் அது அரசாங்கத்தோட முடிவுத் தாள்ல ஒரு வரியா, தனி எண்ணா இருக்கு. வீணாப் போச்சுன்னு சொல்லப்படற அந்த வோட்டுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் அந்த வருசம் தமிழர்கள் போட்டதுலயே வீணாகாத வோட்டு. அங்கயும் இங்கயும் சேர்த்தே சொல்றேன்.

சரி, 50,014-ங்கிறது லண்டன் தமிழர்கள்ல எவ்ளோ பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல "வீட்டுல முதன்மை மொழி தமிழ்"னு எழுதினவங்க லண்டன்ல சுமார் 71 ஆயிரம். இதுல ஸ்கூல் பிள்ளைகளும் சேர்த்தி. அங்கயே பிறந்து ஆங்கிலம்னு எழுதிட்ட இளசுகள் இதுல வராது. ஆக, நேரா வகுக்க முடியாது. ஆனா ஊரே மூணுல ஒருத்தர்தான் வோட்டுப் போட்ட ஒரு தேர்தல்ல, 71 ஆயிரம் பேர் இருக்கற ஒரு மொழிக்கூட்டத்துக்காக நின்ன வேட்பாளருக்கு 50 ஆயிரம். ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங்னு பாட்டியிலிருந்து பேத்தி வரைக்கும் வீடே கிளம்பிப் போயிருந்தாத்தான் இது நடக்கும். தமிழர் அல்லாதவங்களும் கொஞ்சம் போட்டிருக்கணும்.

எட்டு மாசம் கழிச்சு இன்னொரு எண்ணிக்கை நடந்துச்சு. 2010 ஜனவரி 30, 31-ல் பிரிட்டன் தமிழர்கள் தாங்களே நடத்தின வட்டுக்கோட்டைத் தீர்மான வாக்கெடுப்பு. 1976-ல் தமிழர் விடுதலைக் கூட்டணி போட்ட தனி ஈழத் தீர்மானத்தை இப்பவும் ஏத்துக்கறீங்களான்னு கேள்வி. நாடு முழுக்க 64,692 பேர் போட்டாங்க. 99 சதவீதத்துக்கு மேல "ஆமாம்". நார்வே, பிரான்ஸ், கனடா எல்லா இடத்துலயும் இப்படித்தான் முடிவு. அதே வருசம் மே மாசம் நாடு கடந்த தமிழீழ அரசாங்கத்துக்குத் தேர்தல்னு எல்லைகளைத் தாண்டின இன்னொரு பாராளுமன்றமும் வந்துச்சு. இவங்களோட உழைப்பைக் குறை சொல்லலை. ஆனா சொந்தக்காரங்க நடத்தற தேர்தல்ல 99 சதவீதம்னா வெளியாள் தோளைக் குலுக்கிட்டுப் போயிடுவான். எதிராளியோட பெட்டி, எதிராளியோட பேனா, அரசாங்கத்தோட ரகசிய வாக்குச்சீட்டு, பக்கத்துலயே இருபது பேர். அதுல விழுந்த 2.86 சதவீதம் எனக்கு அந்த 99-ஐ விடப் பெருசாத் தெரியுது. நீங்க மாறுபடலாம்.

ஒருவேளை அவர் ஜெயிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? 736 பேர் இருக்கற சபையில ஒருத்தர். அதிசயம் ஒண்ணும் நடந்திருக்காது. இலங்கையில பிறந்த நிர்ஜ் தேவா 1999 முதல் 2019 வரைக்கும் இருபது வருசம் அங்க உறுப்பினரா இருந்தார், தென்கிழக்கு இங்கிலாந்துல கன்சர்வேட்டிவ் பட்டியல்ல. சபையில போய் உக்காரணும்னா வழி அதுதான், பெரிய கட்சிப் பட்டியல்ல மேல இடம் பிடிக்கறது.

அதுக்காக அந்தச் சபை வெறும் பேச்சு மேடைன்னும் சொல்ல முடியாது. ஐரோப்பாகிட்ட ஒரு நிஜமான பிடி இருந்துச்சு. ஜி.எஸ்.பி. பிளஸ். மனித உரிமை ஒப்பந்தங்களை ஒழுங்கா கடைப்பிடிக்கற வளரும் நாடுகளுக்குத் தர்ற வரிச்சலுகை. இலங்கையில தைச்ச சட்டை ஐரோப்பாவுக்குள்ள வரியில்லாமப் போகும். அதே காலத்துல நம்ம ஊர் சட்டைக்கு அங்க 9.6 சதவீத வரி. ஓசூர் ரோடு நெடுக காலையில ஆறு மணிக்கு கார்மெண்ட்ஸ் பஸ்ல நின்னுகிட்டே போற பொண்ணுங்களுக்கு இந்த 9.6 பத்தித் தெரியாது. ஆனா ஒரு ஆர்டர் கொழும்புக்குப் போகுதா பெங்களூருக்கு வருதாங்கறதுல அதுக்கும் பங்கு உண்டு. முள்ளிவாய்க்காலுக்கும் பொம்மசந்திராவுக்கும் இப்படி ஒரு நூல் ஓடுது பாருங்க.

இலங்கையின் சலுகை பத்தி 2008 அக்டோபர்லயே ஐரோப்பிய ஆணையம் விசாரணையை ஆரம்பிச்சிருந்துச்சு. 2010 பிப்ரவரியில நிறுத்தறதா முடிவாகி, ஆகஸ்ட் 15 முதல் நிறுத்தினாங்க. சித்திரவதை எதிர்ப்பு, குழந்தைகள் உரிமை, குடிமை அரசியல் உரிமை ஆகிய மூணு ஒப்பந்தங்களை மீறினதுதான் காரணம். இதை லண்டன் வோட்டு சாதிச்சதுன்னு எழுதினா அது புருடா. விசாரணை அதுக்கு முன்னாடியே தொடங்கினது. 2017 மே மாசம் சலுகையைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. தடுக்கணும்னு பாராளுமன்றத்துல வந்த தீர்மானம் 119-க்கு 436-ன்னு தோத்துச்சு. அதே சபை 2021 ஜூன் 10-ல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கு, இல்லைன்னா சலுகையை மறுபரிசீலனை பண்ணுவோம்னு 628-க்கு 15-ன்னு தீர்மானம் போட்டுச்சு. ஆனா அதுல வோட்டுப் போட லண்டன் உறுப்பினர் ஒருத்தர் கூட இல்லை. 2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டே வெளிய வந்துருச்சு. 2019 மே 23-ல் நடந்ததுதான் அங்க கடைசி ஐரோப்பியத் தேர்தல். லண்டன் தமிழர்களுக்கு அந்தப் பெட்டியே இல்லாமப் போச்சு.

அந்தப் பெட்டி அவங்களுக்கு எப்படிக் கிடைச்சதுங்கறதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச இடம்.

ஐரோப்பிய பாராளுமன்றத்துக்கு ஐரோப்பியக் குடிமக்கள்தான் வோட்டுப் போடணும்னு நினைப்போம். பிரிட்டன்ல அப்படியில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் யாரா இருந்தாலும், அங்க சட்டப்படி தங்க அனுமதி இருந்து, பட்டியல்ல பேர் சேர்த்திருந்தா வோட்டுப் போடலாம். இலங்கை பாஸ்போர்ட் வெச்சிருக்கறவங்க போடலாம். இந்திய பாஸ்போர்ட்டும் அப்படியே. ஆன்சைட்டுக்குப் போய் ரெண்டு வருசம் குளிர்ல நடுங்கிட்டு வந்த நம்ம பசங்க அத்தனை பேருக்கும் அந்த உரிமை இருந்துச்சு. எத்தனை பேருக்குத் தெரியும்? என் டீம்ல லண்டன் போய்ட்டு வந்த மூணு சீனியர்கள்கிட்ட கேட்டேன். மூணு பேரும் "நிஜமாவாடா?"ன்னாங்க.

ஸ்பெயினுக்கு இது பிடிக்கலை. ஜிப்ரால்டர்ல பிரிட்டன் இப்படி ஐரோப்பியர் அல்லாத காமன்வெல்த்காரங்களை வோட்டுப் போட விடுதுன்னு ஐரோப்பிய நீதிமன்றத்துல வழக்குப் போட்டுச்சு. 2006 செப்டம்பர் 12-ல் தீர்ப்பு. யாருக்கு வோட்டுங்கறதை அந்தந்த நாடு முடிவு பண்ணிக்கலாம், தன்னோட நெருங்கின தொடர்பு இருக்கறவங்களுக்குக் குடுக்கறதுல தப்பில்லைன்னு ஸ்பெயினோட வழக்கைத் தள்ளிட்டாங்க. ஜிப்ரால்டர் பாறைக்காக நடந்த சண்டை. ஆனா தீர்ப்பு மாறி வந்திருந்தா, மூணு வருசம் கழிச்சு வெம்ப்ளியில இலங்கை பாஸ்போர்ட்டோட வரிசையில நின்னவங்களுக்கும் சிக்கல் வந்திருக்கலாம். அந்த 50,014-ல இப்படிப்பட்டவங்களும் நிச்சயம் உண்டு.

ஒருத்தரைப் பத்தி எனக்கே தெரியும். ஓசூருக்குப் பக்கத்துல கெலவரப்பள்ளி அணை இருக்கில்லையா, தென்பெண்ணை ஆத்து மேல. அங்க இலங்கைத் தமிழர் முகாம் ஒண்ணு உண்டு. 2021 முதல் "அகதிகள் முகாம்"னு சொல்லக்கூடாது, "மறுவாழ்வு முகாம்"னு அரசு பேரை மாத்திருச்சு. எங்க மாவட்டத்துல இப்படிச் சில முகாம்கள் இருக்கு. காலேஜ்ல என்கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் அந்த மாதிரி ஒரு முகாம்லதான் வளர்ந்தான். அவனோட சித்தப்பாதான் நான் சொன்ன ஆள். அண்ணன் 1990-ல் படகுல ராமேஸ்வரம் வந்தவர். தம்பி பத்து வருசம் கழிச்சு லண்டன் போனவர். 2009-ல் தம்பிக்கு பிரிட்டிஷ் குடியுரிமை வரலை, தங்க அனுமதி மட்டும்தான். ஆனா ஜூன் 4 அன்னைக்கு வேலைக்கு லீவு சொல்லிட்டுப் போய் வோட்டுப் போட்டிருக்கார். போட்டதும் அண்ணனுக்கு போன்.

நண்பனோட அப்பா பெயிண்டிங் வேலைக்குப் போறவர். சிப்காட்ல பாதி கட்டடம் அவர் கை பட்டதுதான். இந்த விஷயத்தை அவர் என்கிட்ட சொன்னப்ப சிரிச்சுகிட்டேதான் சொன்னார்: "அவன் அங்க போய் பத்து வருசத்துக்குள்ள ஐரோப்பாவுக்கே வோட்டுப் போட்டிட்டான் தம்பி. நான் இஞ்ச வந்து முப்பது வருசத்துக்கு மேல. வார்டு மெம்பருக்குக் கூடப் போட ஏலாது."

எனக்குப் பதில் வரலை. "டீ சாப்பிடறீங்களா அங்கிள்"னு பேச்சை மாத்தினேன்.

2021-ல் சட்டசபையில அரசு சொன்ன கணக்குப்படி தமிழ்நாட்டு முகாம்கள்ல 58 ஆயிரத்துச் சொச்சம் பேர், வெளியில பதிவு பண்ணித் தங்கியிருக்கறவங்க இன்னொரு 34 ஆயிரம். ரெண்டையும் கூட்டினா 90 ஆயிரத்துக்கு மேல. லண்டன்ல தமிழ் பேசறோம்னு எழுதிக் குடுத்தவங்களை விட அதிகம். இதுல இங்கயே பிறந்தவங்க ஏராளம். ஆனா 1955 குடியுரிமைச் சட்டப்படி இந்தியாவுல பிறந்தாலே குடிமகன்ங்கறது 1987 ஜூலை 1-க்கு முன்னாடி பிறந்தவங்களுக்கு மட்டும்தான். அதுக்கப்புறம் பிறந்தா அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். 2004-க்கு அப்புறம் அதுவும் இன்னும் இறுகிப் போச்சு. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்தோட நின்னுருச்சு. இலங்கை அதுல இல்லை.

லண்டன்ல இருந்த சட்டம் கேட்டது ஒரே கேள்வி: "இங்க சட்டப்படி தங்கியிருக்கியா, காமன்வெல்த் நாட்டுக்காரனா?" இந்தியாவும் காமன்வெல்த்துலதான் இருக்கு. இலங்கையும் இருக்கு. நம்ம சட்டம் அந்தக் கேள்வியைக் கேக்கறதில்லை.

1986-ல் மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு பெண், மேல சொன்ன அந்தப் பழைய தேதியைப் பிடிச்சுகிட்டு உயர் நீதிமன்றம் மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்ட்ல அவருக்கு இந்திய பாஸ்போர்ட் குடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்துச்சு. 2024 ஏப்ரல் 19-ல், மக்களவைத் தேர்தல்ல, திருச்சி கொட்டப்பட்டு முகாம்ல இருந்து போய் வோட்டுப் போட்டார். முகாம்வாசி ஒருத்தர் இந்தியாவுல வோட்டுப் போட்டது அதுதான் முதல் தடவைன்னு பத்திரிகைகள் எழுதிச்சு. அன்னைக்கு சாயங்காலம் என் நண்பன் அந்தச் செய்தியை வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தான். கூட ஒண்ணும் எழுதலை. அவன் பிறந்தது 1996-ல், கிருஷ்ணகிரியில.